ஐயமும் வழிபாடும்

சென்ற தவக்காலத்தில், ஒரு மாலைப்போதில், எம் கல்லூரிச் சிற்றாலயத்துப் பாடற்குழுவினர் புதியதோர் ஆங்கிலப் பாட்டைப் பயின்றுகொண்டிருந்தோம். கிறிஸ்து பெருமானைக் கூத்தின் தலைவராகக் கொண்டு, அவர் வரலாறு முழுவதையும் ஒரு நடனமாகப் பாடுவது அப்பாட்டு. அதன் மெட்டு, கேட்பார் கால்கள் தாமே தாளமிடத் தொடங்கும் மெட்டு. அவ்வழியே போந்த பெரியவர் ஒருவர் வாயிலில் நின்று இரண்டு சரணங்களைக் கேட்டார், பின்னர் உள்ளே வந்து, "தம்பிகளே, இப்பாட்டின் பிறப்பு வளர்ப்பை அறிந்துதான் பாடுகிறீர்களா?" என்று வினவினார். யாம் ஒருவரை ஒருவர் நோக்கினோம். அவரே மூன்று குற்றங்களை எடுத்துரைத்தார். ஆண்டவரை ஆடுபவராகப் பாடுவது ஆலயத்துக்குத் தகாது என்பது முதலாவது. இப்பாட்டை இயற்றியவர் தம் மேசைமேல் நடராசர் உருவம் ஒன்றை வைத்திருந்து அதனால் உள்ளக்கிளர்ச்சி பெற்றவர் என்பது இரண்டாவது. அவர் தம் சமயத்தைப்பற்றித் தாமே ஐயப்பட்டவர் என்பது மூன்றாவது. உயிர்த்தெழுந்த திருநாளன்று அப்பாட்டு எம் ஆலயத்திற் பாடப்படவில்லை.

பெரியவர்பால் எமக்கு மனக்கசப்பு ஒன்றுமில்லை. ஒரு பாட்டை வாயிலில் நின்று செவிசாய்த்துக் கேட்டு, இது என் சொல்லுகிறது என்று ஆராய்ந்தவர் எங்கள் கூட்டத்தில் அவர் ஒருவரே. யாமோ மெட்டின் இனிமையில் மயங்கிப் பொருளை நோக்காது பாடினோம். அன்றிரவு மாணவர் விடுதியில் விளக்கணைக்கும் மணி அடித்த பின்னரும் இதுபற்றியே வழக்காடினோம். அதன்பின் அப்பாட்டின் ஆசிரியராகிய ஸிட்னி கார்ட்டர் என்பாரின் வாழ்வையும் பாட்டுக்களையும் எமக்கு இயன்ற அளவு தேடிக் கற்றோம். கற்றதன் பயனாக எம் உள்ளத்தில் எழுந்த கருத்தை இக்கட்டுரையிற் கூறத் துணிகின்றோம். பெரியவர் கூறிய செய்திகள் மூன்றும் உண்மையே. ஆயினும் அவற்றினின்று அவர் கொண்ட முடிபு எமக்கு உடன்பாடன்று.

முதற்கண் அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். ஸிட்னி கார்ட்டர் 1915-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் இலண்டன் மாநகரின் காம்டன் டவுன் என்னும் பகுதியிற் பிறந்தார். கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்னும் பழம்பெரும் பள்ளியிற் பயின்றார். பெயரைக்கொண்டு அதனை மருத்துவமனை என மயங்கற்க. பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துப் பேலியல் கல்லூரியில் வரலாறு கற்று 1936-இல் தேறினார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, மனிதரைக் கொல்லுதற்கு மனச்சான்று இடந்தராமையால் படையிற் சேர மறுத்தார். மறுத்து வீட்டில் ஒதுங்கியிருந்தாரல்லர். குவேக்கர் எனப்படும் நண்பர் சபையார் நடத்திய ஆம்புலன்ஸ் குழுவிற் சேர்ந்து, எகிப்து, பாலஸ்தீனம், கிரீஸ் ஆகிய நாடுகளில் தொண்டு புரிந்தார். போரை வெறுப்பவன் போர்க்களத்தை அஞ்சுபவன் என்று எண்ணுவார்க்கு அவருடைய வாழ்வே தக்க விடையாகும்.

போர் ஒழிந்தபின், அதே ஆம்புலன்ஸ் குழுவில் தொண்டு புரிந்த டானல்டு ஸ்வான் என்னும் இசைப் புலவருக்கு, மேடை நிகழ்ச்சிகளுக்கான பாட்டுக்களை எழுதித் தந்தார். எள்ளலும் நகையும் கலந்த அப்பணியே அவருக்குச் சொற்சிக்கனத்தைக் கற்பித்திருக்கவேண்டும் என்பது எம் துணிபு. 1962-இல் ஷீலா ஹான்காக் என்னும் நடிகையாரோடு ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதன்கண் புகைபிடிப்பதை விட முயன்று முயன்று தோற்பவன் நிலையைக் கூறும் வேடிக்கைப் பாட்டு ஓரளவு புகழ் பெற்றது. ஞானப்பாட்டு இயற்றியவர் சுருட்டைப்பற்றியும் பாடுவரோ என வியப்பார் உளர். மனிதன் தன் உறுதியில் நில்லாது வழுக்கி விழுவதை நகைத்துப் பாடத் தெரிந்தவரே, அவனுக்காகக் கடவுளிடம் வழக்குரைக்கவும் தகுதியுடையவர் என்போம் யாம்.

ஈண்டு நாட்டுப் பாடல் என்பதைக் குறித்து ஒரு சொல். இங்கிலாந்தில் உழவரும் மாலுமியரும் ஏட்டில் எழுதாது வாய்வழியாகவே போற்றிவந்த பாட்டுக்களை, ஸெஸில் ஷார்ப் என்பார் 1903 முதல் ஊரூராகச் சென்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அதன் பின்னர், 1950-களிலும் 1960-களிலும் அந்நாட்டு இளைஞர் அப்பழம் பாட்டுக்களைச் சிற்றரங்குகளிலும் உணவு விடுதி மாடிகளிலும் கூடிப் பாடினர். பழையன பாடியவருள் சிலர், அவற்றின் வடிவிலேயே தம் காலத்துக்குரிய புதிய பாட்டுக்களையும் கட்டினர். இவர்களை நம் பழந்தமிழ் வழக்கில் பாணர் எனின் பொருந்தும். கார்ட்டர் இக்கூட்டத்தில் ஒருவர். நாட்டுப் பாடலின் இயல்பு யாது? பாடுவோன் மேடைமேல் தனியே நிற்பதில்லை; கேட்போரும் சேர்ந்து பாடுவர். பயின்ற குரல் வேண்டுவதில்லை. மறைத்துப் பேசும் வழக்கமும் அதற்கில்லை. பசி, காதல், கொலை, தூக்குமரம் அனைத்தையும் உள்ளவாறே கூறும். இவ்வியல்பை வழிபாட்டுப் பாட்டுக்குள் கொணர்ந்ததே கார்ட்டர் ஆற்றிய பணியின் சாரம்.

அவர் இயற்றியவற்றுள் ஒன்று தாலாட்டு. ஆனால் தொட்டிலின்மேல் அமர்ந்த காகம் ஒன்று, குழந்தைக்கு வரப்போகும் போரையும் அழிவையும் அறிவிக்கின்றது. அணுகுண்டு அச்சம் மிக்கிருந்த காலத்தில் எழுந்த அப்பாட்டை அமெரிக்கப் பாடகியார் ஜூடி காலின்ஸ் 1962-இல் இசைத்தட்டிற் பாடினார். 1979-இல் நியூயார்க் நகரில் அணுமின் நிலையங்களை எதிர்த்து நிகழ்ந்த பெரும் இசைவிழாவிலும் அது மீண்டும் ஒலித்தது. கிறிஸ்தவத் தொண்டு நிறுவனமாகிய கிறிஸ்டியன் எய்டுக்காக 1965-இல் இயற்றிய பாட்டோ, மத்தேயு சுவிசேஷத்து 25-ஆம் அதிகாரத்தை அடியொற்றியது. பசித்தவனும் குளிரால் நடுங்கியவனும், நீ அங்கே இருந்தாயா எனக் கேட்பதாக அமைந்தது. முழுதும் வினாவே, விடை ஒன்றேனும் இல்லை. விடை கூறவேண்டியவன் பாடுகின்றவனே அன்றோ?

இனி, வழக்குக்குரிய பாட்டிற்கு வருவோம். 'நடனத்தின் தலைவர்' என்று பொருள்படும் பெயருடைய அதனைக் கார்ட்டர் 1963-இல் இயற்றினார். மெட்டு அவருடையதன்று. அமெரிக்க நாட்டில் ஷேக்கர் என்னும் சபையாரிடையே 1848-இல் ஜோசப் பிராக்கெட் என்னும் மூப்பர் அமைத்த 'எளிய வரங்கள்' என்னும் பாட்டின் மெட்டைச் சிறிது திருத்தி எடுத்துக்கொண்டார். இந்த ஷேக்கர் சபையார் யாவர்? இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தோன்றி, ஆன் லீ என்னும் அம்மையார் தலைமையில் 1774-இல் கடல் கடந்து அமெரிக்கா சென்ற எளியோர். மணவாழ்வைத் துறந்து, பொருளைப் பொதுவில் வைத்து, ஆலயத்தில் ஆடியே வழிபட்டவர். எனவே கார்ட்டர் எடுத்த மெட்டே ஆடலுக்குப் பிறந்தது.

பாட்டின் பொருள் இது. உலகம் தோன்றிய விடியலில் ஆடியவர் தாம் என்று கிறிஸ்து தாமே பேசுகின்றார். மண்ணுலகில் வந்து பிறந்ததையும், சமயத் தலைவர்கள் தம்மோடு ஆட மறுக்க, மீனவர் தம்பின் வந்ததையும் கூறுகின்றார். ஓய்வுநாளில் முடவனைக் குணமாக்கியதும், அதன் பொருட்டுப் பகை எழுந்ததும், சிலுவையில் ஏற்றப்பட்டதும், பகல் இருண்டதும், புதைக்கப்பட்டதும் முறையே வருகின்றன. இறுதியில் ஆடல் நிற்கவில்லை என்னும் வெற்றி முழக்கத்தோடு முடிகின்றது. ஒவ்வொரு சரணத்தின் ஈற்றிலும் யாவரையும் ஆட அழைக்கும் பல்லவி உண்டு. இதனைத் திருச்சபைகள் ஏற்குமெனக் கார்ட்டர் எதிர்பார்க்கவேயில்லை. சமயக் கொள்கைக்கு மாறானதெனப் பலர் தள்ளுவர் என்றே எண்ணியதாக அவர் பின்னர்க் கூறியுள்ளார். நிகழ்ந்ததோ வேறு. ஆங்கில நாட்டுப் பள்ளிகளிலெல்லாம் சிறுவர் அதனைப் பாடினர். பாட்டுப் புத்தகங்களிலும் அஃது இடம்பெற்றது. டொனோவன் என்னும் பாடகர் 1971-இல் தம் இசைத்தட்டிற் சேர்த்தார்.

பெரியவர் கூறிய முதற் குற்றத்தை ஆராய்வோம். ஆடல் ஆண்டவருக்குத் தகாததோ? உடன்படிக்கைப் பெட்டியின் முன் தாவீது அரசன் ஆடியதை இரண்டாம் சாமுவேல் புத்தகம் கூறுகின்றது. சங்கீதங்களின் ஈற்றிலுள்ள 150-ஆம் சங்கீதம் இசைக்கருவிகளோடு நடனத்தையும் துதிக்குரியதாக எண்ணுகின்றது. இவை அடியார் ஆடல். ஆண்டவர் ஆடல் அன்று எனின், அதற்கும் இடமுண்டு. குழல் ஊதியும் ஆடாத சந்தைவெளிப் பிள்ளைகளின் உவமையைச் சொன்னவர் யார்? கிறிஸ்து பெருமானே. அவ்வுவமையிற் குழலூதுவார் யாவரென எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகின்றோம். அன்றியும், 1833-இல் வில்லியம் ஸாண்டிஸ் என்பார் தொகுத்து அச்சிட்ட பழைய ஆங்கிலக் கிறிஸ்துமஸ் பாட்டுக்களுள் ஒன்று, கிறிஸ்து தாமே தம் பிறப்பு முதல் பாடு வரை அனைத்தையும் ஆடல் என்று கூறுவதாக அமைந்துள்ளது. இன்னும் முற்பட்டு, 'யோவான் நடபடிகள்' என்னும் பழநூலில், காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் சீடர் கைகோத்து வட்டமாக நிற்க, நடுவில் நின்று ஆண்டவர் பாடியதாக ஒரு காட்சி உண்டு. அந்நூலைத் திருச்சபை தள்ளிவிட்டது. ஆதலின் அதனைப் பிரமாணமாகக் காட்டோம். ஆயினும் இவ்வெண்ணம் நேற்றுப் பிறந்ததன்று என்பதற்கு அது சான்றாகும். குஸ்தாவ் ஹோல்ஸ்ட் என்னும் ஆங்கில இசைப்பேரறிஞர் 1917-இல் அக்காட்சியையே பெரும் பாடற்கூட்டத்துக்குரிய இசைப்பாவாக அமைத்தார்.

இரண்டாம் குற்றமே எம்மை மிக வருத்தியது. ஏனெனின் யாம் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர். காலையில் வகுப்பறையில் தேவாரமும் திருமந்திரமும் கற்கின்றோம். மாலையில் ஆலயத்திற் கீர்த்தனையும் பாமாலையும் பாடுகின்றோம். இவ்விரண்டிற்கும் நடுவேயுள்ள முற்றத்தைக் கடக்கும்போதெல்லாம் எம் நெஞ்சில் ஒரு வினா எழுவதுண்டு. அவ்வினாவைக் கடலுக்கு அப்பால் ஓர் ஆங்கிலேயர் தம் மேசைமேல் வைத்திருந்தார் என அறிந்தபோது எமக்கு உண்டான வியப்புக்கு அளவில்லை. தம் பாட்டுக்குக் கிறிஸ்துவோடு நடராசர் உருவமும் ஓரளவு காரணமாயிற்று என்பதை அவர் ஒளிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். சோழர் காலத்து வார்ப்புக் கலைஞர் வெண்கலத்திற் கண்ட அவ்வடிவின் பொருளை மேல்நாட்டார் உணரச் செய்தவருள் தலையாயவர், கொழும்பிற் பிறந்த தமிழர் மைந்தராகிய ஆனந்த குமாரசுவாமி. அவருடைய 'சிவ நடனம்' என்னும் கட்டுரைத் தொகுதி 1918-இல் நியூயார்க்கில் வெளிவந்தது. அதன் பின்னர் அவ்வடிவம் மேல்நாட்டுக் கலைக்கூடங்களில் மட்டுமன்றிப் பலர் உள்ளத்திலும் இடம்பெற்றது.

இதனை எம் வகுப்புத் தோழரும் சைவ மரபினருமாகிய ஓர் அன்பரிடம் கூறினோம். அவர் மகிழ்வார் என எண்ணினோம். அவரும் முகஞ் சுளித்தார். "எம்பெருமான் ஆடல் வெறும் களியாட்டமன்று. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலும் அதன்கண் அடங்கும். காலடியிற் கிடக்கும் முயலகனையும் கையிலேந்திய தீயையும் விட்டுவிட்டு, ஆடல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், எடுத்தது எது?" என்றார். ஆக, கிறிஸ்தவப் பெரியவர் நடராசர் வந்துவிட்டார் என வருந்தினார். சைவத் தோழர் நடராசர் வரவில்லையே என வருந்தினார். இருவர் வருத்தத்திலும் உண்மையுண்டு.

எம் கருத்து இது. கார்ட்டர் இரண்டு சமயங்களையும் ஒன்றெனக் கூறவில்லை, யாமும் கூறோம். தில்லைக் கூத்துக்குக் காலம் இல்லை. அஃது எக்காலத்தும் நிகழ்வது. கார்ட்டர் பாடிய ஆடலோ, ஊரும் பேரும் உடைய ஒருவர் பிறந்து, நடந்து, அடிபட்டு, இறந்து, எழுந்த ஆடல். முன்னதில் தீமை காலின் கீழ்க் கிடக்கின்றது; பின்னதில் ஆடுகின்றவர் மேலேயே தீமை ஏறி அமர்கின்றது. இவ்வேற்றுமையைக் குழப்புவோர் இரண்டையும் அறியாதவரே ஆவர். அங்ஙனமாயின் கார்ட்டர் பெற்றது யாது? ஒரு கொள்கையை அன்று, ஒரு வினாவையே. உலகை ஆள்பவர் அரியணையில் அசையாது அமர்ந்திருப்பவர் என்றே நாம் ஏன் எண்ணவேண்டும் என்னும் வினா அது. அவ்வினாவை அச்சிலையினின்று பெற்று, விடையைத் தம் வேதத்திற் சென்று தேடினார். பெற்ற கடனை வெளிப்படக் கூறவும் செய்தார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் குறவஞ்சி என்னும் தமிழ் வடிவத்தை எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியதை நாம் போற்றுகின்றோம். வடிவைப் பெறுதல் குற்றமன்று; பெற்ற இடத்தை மறைத்தலே குற்றம். கார்ட்டர் அக்குற்றம் செய்தவரல்லர்.

இனி, மூன்றாம் குற்றமாகிய ஐயத்தைக் குறித்து. கார்ட்டர் ஐயமுடையவர் என்பதை மறுப்பதற்கில்லை. 1978-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரே 'ஐயப் பாறை' என்பது. நம்பிக்கையைப் பாறை என்பது உலக வழக்கு. அவரோ ஐயத்தைப் பாறை என்றார். அவர் பாட்டுக்களுள் மிகுந்த எதிர்ப்புக்கு உள்ளானது, சிலுவையில் அறையப்பட்ட கள்வன் கூற்றாக அமைந்த ஒன்று. ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், அக்கள்வன் தன் அருகில் தொங்கும் தச்சனை நோக்கிப் பேசுகின்றான். உலகை இவ்வாறு கோணலாகப் படைத்த கடவுளையன்றோ உனக்கும் எனக்கும் பதிலாகச் சிலுவையில் ஏற்றியிருக்கவேண்டும் என்று பொருமுகின்றான். கேட்ட அளவில் இது தூஷணமென்று பலர் சீறினர். முதன்முறை படித்தபோது எமக்கும் மெய் நடுங்கிற்று. இரண்டாம் முறை படித்தபோதே அதன் பொருள் விளங்கிற்று. அவன் யாரைத் தொங்கவிடவேண்டும் என்கிறானோ அவரே அவன் அருகில் தொங்குகின்றார். கள்வன் அறியான், பாடுகின்ற நாம் அறிவோம். கடவுளைக் குற்றஞ்சாட்டும் அப்பாட்டு, கடவுள் அக்குற்றச்சாட்டைக் கேட்டுக்கொண்டு எங்கே இருந்தார் என்பதை ஒரு சொல்லாலும் கூறாமற் கூறிவிடுகின்றது. சிலுவையைப்பற்றி யாம் கேட்ட பிரசங்கங்கள் பல; இத்துணை அருகில் எம்மை இட்டுச் சென்றவை சிலவே.

ஐயம் வழிபாட்டுக்குப் பகை என்பாரை யாம் ஒன்று கேட்போம். யோபுவின் புத்தகத்தை எங்கே வைப்பது? எத்தனை காலம் என்று முறையிடும் சங்கீதங்களை யார் பாடுவது? சிலுவையில் ஆண்டவர் தாமே கதறிய வினாவை என்னென்பது? ஏன், நம் நாட்டுத் திருச்சபையின் தொடக்கத்தையே நோக்குக. பன்னிருவருள் மயிலாப்பூருக்கு வந்தவர் எனத் தொன்றுதொட்டுக் கூறப்படுபவர் யார்? காயத்தில் விரலிட்டாலன்றி நம்பேன் என்ற தோமாவே. ஐயுற்றவர் காலடி பட்டது என்று போற்றப்படும் மண்ணிலிருந்துகொண்டு, ஐயுற்றவர் பாட்டு ஆகாது எனல் பொருந்துமோ? தோமாவின் ஐயம் அவரை ஆண்டவரிடமிருந்து விலக்கவில்லை. காயத்தின் அருகே கொண்டுவந்தது. கார்ட்டரின் ஐயமும் அத்தகையதே என்பது எம் துணிபு.

இவ்வாறு கூறுவதனால் அவர் சொற்கள் அனைத்தையும் யாம் ஏற்கின்றோம் எனக் கொள்ளற்க. கிறிஸ்து என்னும் பெயரால் தாம் இயேசு ஒருவரை மட்டும் கருதவில்லையென்றும், பிற காலங்களிலும் பிற கோள்களிலும் வேறு நடனத் தலைவர்கள் இருத்தல் கூடுமென்றும் அவர் எழுதினார். அவ்விடத்து அவரைப் பின்தொடர எம்மால் இயலவில்லை. மேலும், நடனப் பாட்டின் ஒரு சரணம், பரிசுத்தர் எனத் தம்மை எண்ணினோர் ஆண்டவரை அடித்துத் தூக்கிட்டதாகக் கூறுகின்றது. இஃது யூத மக்கள்மேல் பழி சுமத்துவதாகும் எனக் குறைகூறியவர் உளர். ஐரோப்பாவில் அப்பழி எத்துணைக் குருதி சிந்தக் காரணமாயிற்று என்பதை அறிந்தவர் இக்குறையை எளிதில் தள்ளார். எமக்குத் தோன்றுவது இது: 'பரிசுத்தர்' என்னும் சொல்லைப் பாடும்போது பாடுகின்றவன் தன் மார்பின்மேல் கைவைத்துக்கொள்ளவேண்டும். ஆலயத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நாமே அப்பரிசுத்தர். அவ்வாறு பாடத் துணிவில்லையாயின் அச்சரணத்தை விட்டுவிடுதலே நன்று.

கார்ட்டரின் பிற்காலப் பாட்டுக்களும் குறிப்பிடத்தக்கன. 1971-இல் பள்ளிச் சிறுவர்க்கென இயற்றிய வழிநடைப் பாட்டு ஒன்று, பழையதை விட்டுப் புதியதற்குச் செல்லும் அடியில் உடன் வருமாறு கடவுளை வேண்டுவது. ஆங்கிலப் பள்ளிகளிற் பிள்ளைகள் விடைபெறும் நாளிற் பாடப்படுவது. 1381-இல் நிகழ்ந்த உழவர் கிளர்ச்சியின் 600-ஆம் ஆண்டு நினைவாக, அக்கிளர்ச்சியில் முன்நின்ற ஜான் பால் என்னும் ஏழைக் குருவைக் குறித்து 1981-இல் ஒரு பாட்டு இயற்றினார். குவேக்கர் சபையைத் தோற்றுவித்த ஜார்ஜ் பாக்ஸைக் குறித்தும் பாடியுள்ளார். இறுதி ஆண்டுகளில் நினைவைக் குன்றச் செய்யும் நோய்வாய்ப்பட்டு, 2004-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13-ஆம் நாள், தம் 88-ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். பாட்டெழுதியவர் தம் பாட்டை மறக்கும் நாள் வந்தது. ஆயின் அதற்குள் அப்பாட்டு ஊரார் நாவில் ஏறிவிட்டது. பாடியவன் பெயர் மறந்தாலும் பாட்டு வாழ்தல் அன்றோ நாட்டுப் பாடலின் பேறு! இன்று அதனைப் பாடும் சிறுவருட் பலர் அது மிகப் பழையதென்றே எண்ணுவர். ஒரு பாணருக்கு இதனினும் பெரிய பரிசு உண்டோ?

அவருடைய வாழ்வைக் கற்றதனால் யாம் பெற்ற பாடம் ஒன்று. மற்றைப் பாட்டுக்கள் பல எமக்கு விடைகளைத் தந்தன. அவ்விடைகள் எந்த வினாக்களுக்கு உரியன என்பதை யாம் மறந்திருந்தோம். கார்ட்டர் வினாக்களை மீட்டுத் தந்தார். வினாவை அறியாது விடையைப் பாடுவோன், பசியறியாது உண்பவன் போல்வான். உண்பது உணவேயாயினும் அதன் சுவை அவனுக்கு எட்டாது. எம்மைப்போன்ற பத்தொன்பது வயதினர்க்கு ஐயங்கள் எழுவது இயற்கை. அவற்றை விடுதி அறையில் மட்டும் பேசி, ஆலய வாயிலிற் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உட்புகவேண்டும் எனின், நாளடைவில் ஆலயத்துக்குள் வருவது எம் உடல் ஒன்றே ஆகும். ஐயத்தையும் பாடுதற்கு ஒரு பாட்டு உண்டெனின், நாங்கள் முழுமனிதராய் உள்ளே வருவோம்.

ஆதலின் எம் வேண்டுகோள் இது. பெருந்திருநாள் ஆராதனையில் அப்பாட்டைப் பாடவேண்டுமென யாம் வற்புறுத்தவில்லை; அங்கே எளியோர் மனம் இடறுதல் கூடும் என்னும் பெரியவர் கவலையை மதிக்கின்றோம். ஆனால் வாரத்தில் ஒரு மாலை, விருப்புடைய மாணவரும் ஆசிரியரும் கூடும் சிறு வழிபாட்டில், அப்பாட்டின் பிறப்பு வளர்ப்பை முதலில் எடுத்துரைத்து, பின்னர்ப் பாடுவதற்கு இடந்தரலாகாதா? அக்கூட்டத்துக்கு எம் சைவத் தோழரையும் அழைப்போம். ஐந்தொழிலின் விளக்கத்தை அவர் வாயாற் கேட்போம். பெரியவரையும் அழைப்போம், மூன்று குற்றங்களையும் அவரே மீண்டும் கூறட்டும். அதன்பின் பாடுவோம். அறிந்து பாடியபின் அப்பாட்டு ஆகாதென்று அனைவர்க்கும் தோன்றுமாயின் விட்டுவிடுவோம்.

அன்றைக்கு வாயிலில் நின்று எம்மை வினவிய அப்பெரியவருக்கு எம் நன்றி உரியது. அவர் வினவியிராவிடின் யாம் இன்றும் மெட்டை மட்டுமே பாடிக்கொண்டிருப்போம். அவர் எம்மிடம் எழுப்பியதும் ஓர் ஐயமே என்பதையும், அவ்வையமே எம்மை அப்பாட்டின் உள்ளே இட்டுச் சென்றது என்பதையும் பணிவோடு அவருக்கு நினைவூட்டுகின்றோம்.